சுழியோடிய பின் விமானம் ஏற எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்? 12 என்கிறார் ஒருவர், 18 என்கிறார் மற்றவர், கைக்கணினியோ 24 என்கிறது

வெள்ளவத்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் சென்ற ஆண்டு கல்கிசையில் சுழியோட்டப் பயிற்சி பெற்று, 30 மீற்றர் ஆழம் வரை செல்வதற்கான இரண்டாம் நிலைச் சான்றிதழையும் அண்மையில் எடுத்துக்கொண்டேன். மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் காலம் ஏப்ரலோடு முடிந்துவிடும் என்பதால், இந்த மாதம் ஒரு வார இறுதியை முழுமையாகக் கடலில் கழிப்பதென்று நானும் என் கூட்டாளியும் முடிவு செய்து பணமும் கட்டிவிட்டோம். சனிக்கிழமை காலை இரண்டு சுழியோட்டங்கள்: முதலாவது கொழும்புக்கு அப்பால் ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் ஒரு கப்பல், இரண்டாவது 18 மீற்றர் அளவிலான ஒரு கற்பாறைத் தொடர். இரண்டாவதை முடித்து மேலே வரும்போது காலை 11.30 ஆகியிருக்கும். ஞாயிறு காலை மேலும் ஒன்று, அதிலிருந்து 9.30 மணிக்கு மேலே வருவோம்.

சிக்கல் என்னவென்றால், என் மனைவியின் தங்கைக்குச் சென்னையில் திங்கட்கிழமை காலை கலியாணம். ஞாயிறு இரவு 10.30க்குக் கட்டுநாயக்கவிலிருந்து விமானம். 9.30க்கும் 10.30க்கும் இடையில் 13 மணி நேரம் இருக்கிறது. படகை ஒழுங்கு செய்தவர், ஞாயிற்றுக்கிழமை நான் செய்யப்போவது ஒரே ஒரு சுழியோட்டம் என்பதால் 12 மணி நேரம் போதும் என்கிறார். என் கூட்டாளி 18 மணி நேரம் என்கிறார். என் கையில் கட்டும் சுழியோட்டக் கணினியோ, கடந்த முறை ஒரே ஒரு ஆழமற்ற சுழியோட்டத்துக்குப் பின்பும் 24 மணி நேரம், 'இன்னும் பறக்காதே' என்று காட்டும் அந்தச் சிறிய விமானப் படத்தை அணைக்கவே இல்லை.

இவற்றில் எதை நம்புவது? சென்னைக்குப் பயணம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை என்பதால் விதி கொஞ்சம் தளருமா? கூடவே, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் என் ரெகுலேற்றரையும் டோர்ச்சையும் கொண்டுபோய், கலியாணம் முடிந்தபின் புதுச்சேரியில் சுழியோடலாம் என்றும் ஓர் ஆசை இருக்கிறது. அவற்றை எப்படிப் பொதி செய்வது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிழக்குக்கரையான்:

வணக்கம் நண்பரே. நான் மே முதல் செப்டெம்பர் வரை பாசிக்குடாப் பக்கமும் மற்றக் காலத்தில் கொழும்பிலும் சுழியோட்டம் கற்பிப்பவன். உங்கள் கூட்டாளி சொல்வதே சரி. படகுக்காரர் விதியின் முதல் வரியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார் என்று எண்ணுகிறேன்.

சுழியோடிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் டான் அமைப்பு 2002ஆம் ஆண்டு நடத்திய ஆய்வரங்கில் உருவான வழிகாட்டலையே இன்று பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் பின்பற்றுகின்றன. மேலே வரும் வழியில் குறித்த ஆழங்களில் நின்று நின்று வரும் கட்டாயத் தரிப்பு தேவைப்படாத ஒரேயொரு சுழியோட்டம் என்றால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல, அல்லது அடுத்தடுத்த நாட்களில் சுழியோடியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம். கட்டாயத் தரிப்புகளோடு மேலே வந்த ஆழமான சுழியோட்டமென்றால் 18ஐ விடக் கணிசமாகக் கூடுதலான நேரம். மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கும் ஹேர்மிஸ் கப்பல் இந்தக் கடைசி வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் அது. அங்கே போய்வருகிறவர்களுக்கு 24 மணி நேரத்துக்குக் குறைவாக நான் ஒருபோதும் சொல்வதில்லை. உங்களுடையது இரண்டாம் வகை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என்பதற்காகச் சனிக்கிழமை இரண்டும் நடக்கவில்லை என்றாகிவிடாது.

ஏன் என்று கேட்பீர்கள். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 30 மீற்றரில் உங்கள் உடல் 4 வளிமண்டல அமுக்கத்தில் இருக்கிறது, அதே அமுக்கத்திலேயே ரெகுலேற்றர் உங்களுக்குக் காற்றைத் தருகிறது. அக்காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அமுக்கம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும் என்ற ஹென்றியின் விதியைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். ஒட்சிசனை உடல் செலவழித்துவிடுகிறது, நைதரசனுக்கு உடலில் எந்த வேலையும் கிடையாது. ஆகவே அது இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்கி, நாம் மேலே வந்தபின் மூச்சு வழியாக மெல்ல மெல்ல வெளியேறுகிறது.

இந்த "மெல்ல மெல்ல" என்பதில்தான் விடயமே இருக்கிறது. இரத்தம் நிறைய ஓடும் பகுதிகள் சில நிமிடங்களில் நிரம்பிச் சில நிமிடங்களில் வெறுமையாகும். மூட்டுகளைச் சுற்றியுள்ள இழையங்களும் கொழுப்பும் அப்படியல்ல. ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1908இல் ஆடுகளை வைத்துப் பரிசோதித்து வெளியிட்ட, சுழியோடிகள் பாதுகாப்பாக மேலே வருவதற்கான முதல் அட்டவணையிலேயே, உடல் வெவ்வேறு வேகத்தில் நிரம்பும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அரைவாசிக் காலம், அதாவது பாதி நிரம்பவோ பாதி வெறுமையாகவோ எடுக்கும் நேரம், கொடுக்கப்பட்டது. உங்கள் கைக்கணினியும் அடிப்படையில் அந்தக் கணக்கையே செய்கிறது. 8 மணி நேர அரைவாசிக் காலம் கொண்ட ஒரு மந்தமான பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை 11.30க்கு அதில் இருந்த மிகை நைதரசனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஞாயிறு காலை நீங்கள் மறுபடி இறங்கும்போது இன்னும் அங்கேயே இருக்கும். அதன்மேல் ஞாயிற்றுக்கிழமைப் பங்கும் சேரும். 13 மணி நேரம் கழித்து விமானத்தில் உட்காரும்போது ஞாயிற்றுக்கிழமை சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். 18 மணி நேரத்தில் அது ஐந்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் எட்டில் ஒன்று. இவை கணக்குக்காக எடுத்த ஒரு பகுதியின் எண்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் 12க்கும் 24க்கும் இடையில் உடலுக்குள் என்ன மாறுகிறது என்பதை இவை காட்டும்.

கைக்கணினி காட்டும் 24 என்பதற்குக் காரணம் எளிது. சில கணினிகள் எஞ்சிய நைதரசனைக் கணக்கிட்டு நேரம் சொல்லும், சிலவற்றில் எந்தச் சுழியோட்டமானாலும் 24 என்று தயாரிப்பாளர் நிலையாகப் பதித்துவிடுகிறார். உங்களுடையது இரண்டாம் வகை போலும். அதில் தவறில்லை. கணினிக்குக் கோபம் வந்தாலும் கீழ்ப்படிவது நல்லது என்பது என் கொள்கை.

என் யோசனை: சனிக்கிழமை இரண்டையும் மனநிறைவோடு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். சனி 11.30இலிருந்து ஞாயிறு இரவு 10.30 வரை 35 மணி நேரம் கிடைக்கும், எவருடைய கணக்கிலும் அது போதும். கட்டிய பணம் போகும்தான். கேட்டுப் பார்த்தால் அடுத்த மாதத்துக்கு மாற்றித் தருவார்கள்.

கட்டுநாயக்கப் பழையவன்:

பயணம் குறுகியது என்பதால் விதி தளருமா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லலாம், ஏனெனில் விமானப் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சுழியோட்டம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீச்சல்கூட அரைகுறைதான்.

36,000 அடி உயரத்தில் வெளியே காற்றின் அமுக்கம் தரைமட்டத்தில் உள்ளதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே பெரும்பாலான விமானங்களில் இயந்திரத்தின் அமுக்கிப் பகுதியிலிருந்து காற்றை எடுத்துக் குளிராக்கி உள்ளே செலுத்திக்கொண்டே, பின்புறத்திலுள்ள ஒரு வால்வைத் திறந்து மூடி, வெளியேறும் அளவைக் கட்டுப்படுத்துகிறோம். தரைமட்ட அமுக்கத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கலாமே என்று பலர் கேட்பார்கள். அப்படி வைத்திருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்க விமானத்தின் உடலை இன்னும் தடிப்பாகவும் பாரமாகவும் கட்ட வேண்டும். அதனால் பயணிகள் இருக்கும் அறையின் அமுக்கத்தை 8,000 அடி, அதாவது 2,440 மீற்றர் உயரமான ஒரு மலையில் இருக்கும் அளவு வரை குறைய விடுகிறார்கள். அது ஏறத்தாழ முக்கால் வளிமண்டலம். போயிங் 787, எயார்பஸ் 350 போன்ற புதிய விமானங்களில் அது 6,000 அடி அளவில் நிற்கும். அந்த வேறுபாட்டை நம்பி ஒருவர் தன் காத்திருப்பைக் குறைக்கக் கூடாது. கடைசி நேரத்தில் விமானம் மாறுவது நம் நாட்டில் புதுமையா என்ன!

இப்போது ஒன்றரை மணி நேரப் பயணத்தைப் பாருங்கள். மேலெழுந்து ஏறத்தாழ இருபது நிமிடங்களில் பறக்கும் உயரத்தை அடைந்துவிடுவீர்கள், அதற்குள் அறை அமுக்கமும் தன் கீழ் எல்லைக்கு வந்துவிடும். இலண்டனுக்குப் போகிறவருக்கும் சென்னைக்குப் போகிறவருக்கும் அமுக்கம் இறங்கும் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது அங்கே உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமே. குறுகிய பயணங்களில் சில வேளை விமானம் தாழப் பறப்பதால் அறை உயரமும், அதாவது அறை அமுக்கத்துக்கு நிகரான மலையின் உயரமும், குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். அன்றைக்கு எந்த உயரம் தருவார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, சீட்டு விற்றவருக்கும் தெரியாது.

இரத்மலானையிலிருந்து பறக்கும் அமுக்கம் ஊட்டப்படாத சிறு விமானங்களும், நீரில் இறங்கும் விமானங்களும் வேறு கதை. அவற்றில் விமானம் எந்த உயரத்தில் பறக்கிறதோ அதுவே உங்கள் உயரமும். தாழப் பறப்பதால் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம்.

ஒரு வெறும் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலை வானத்தில் இறுக மூடி, தரையிறங்கியபின் பாருங்கள். நான் சொன்னதெல்லாம் அதில் தெரியும்.

மட்டக்குளிச் சந்திரன்:

மேலே எழுதியவர்களெல்லாம் விமானத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் விமானம் ஏறாமலேயே மாட்டிக்கொண்டவன் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டில் அலுவலக நண்பர்களோடு திருகோணமலைக்குப் போனேன். முதல் நாள் இரண்டு, மறுநாள் காலை ஒன்று என மூன்று முறை இறங்கினோம். கடைசியாக இறங்கியது கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்கு அடியில். மேலே மணியோசை கேட்கும் இடத்துக்கு நேர் கீழே, பாறைச் சுவரை ஒட்டி 20 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனோம் என்று நினைக்கிறேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. 5 மீற்றரில் மூன்று நிமிடப் பாதுகாப்புத் தரிப்பும் செய்தோம். காலை பத்தரைக்கு மேலே வந்து, குளித்து, சோறு சாப்பிட்டுவிட்டு 'வான்' வண்டியில் ஏறினோம். மற்ற நண்பர்கள் நுவரெலியாவில் விடுதி எடுத்திருந்தார்கள். விமானம் இல்லையே, வீதிதானே என்று எவரும் யோசிக்கவில்லை. பயிற்சியாளரிடம் யாரும் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

தம்புள்ளை வரை ஒன்றுமில்லை. கண்டியில் தேநீர் குடித்தோம். கண்டியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கி, இறம்பொடை வளைவுகளில் வான் ஊர்ந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பக்கத்திலிருந்தவர் முறுக்குப் பைக்கற் ஒன்றை எடுத்துக் காட்டிச் சிரித்தார். திருகோணமலையில் வாங்கும்போது தளர்ந்து கிடந்த பைக்கற், தலையணை போல உப்பி, விரலால் தட்டினால் மேளம் போல ஒலித்தது. நானும் சிரித்தேன். அந்த நேரத்திலேயே என் வலது தோளில் ஒரு மந்தமான வலி தொடங்கியிருந்தது. சிலிண்டர் தூக்கியதால் வந்தது என்று எண்ணித் தைலம் பூசச் சொன்னேன். நண்பர் நன்றாகத் தேய்த்தும் விட்டார். தேய்க்கும்போது வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. தசைப்பிடிப்பாக இருந்தால் தொட்டவுடன் துடித்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இரவு முழுவதும் தூக்கமில்லை. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. காலையில் அருகிலிருந்த ஒரு வைத்தியசாலைக்குப் போனேன், நான் சுழியோடியதைச் சொல்லவில்லை, அவர்களும் தசை வலி என்று மாத்திரை தந்தார்கள். குறை என்னுடையது. கொழும்புக்கு இறங்கி வரும் வழியில் வலி தணிந்ததும், மாத்திரை வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். வீட்டுக்கு வந்தபின் விரல் மரத்துப்போனது மாறாததால், என்னைப் பயிற்றுவித்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி "எங்கேயிருந்து பேசுகிறீர்கள்?" என்பது. இரண்டாவது "இடையில் எங்கே போனீர்கள்?" என்பது. நுவரெலியா என்றதும் ஒரு கணம் பேசாமலிருந்துவிட்டு, ஒட்சிசன் கொடுக்கும் இடத்துக்கு உடனே போகச் சொன்னார். பிறகு அமுக்க அறையில் இரண்டு நாள் சிகிச்சை. கை சரியாகிவிட்டது, ஆனால் விரல் நுனி முழுமையாகத் தெளிய மூன்று வாரம் எடுத்தது.

நுவரெலியா 1,868 மீற்றர். கட்டுநாயக்கப் பழையவன் சொன்ன அந்தப் புதிய விமானங்களின் அறை உயரமும் ஏறத்தாழ அதுவே. நான் வானில் ஏறி விமானப் பயணம் செய்திருக்கிறேன்.

மருதானை வைத்தியர்:

சந்திரன் அவர்களின் அனுபவத்தில் படிக்க வேண்டியது நிறைய இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமுக்கத் தளர்வு நோய், சுழியோடிகள் பேச்சில் "பெண்ட்ஸ்", என்பது கரைந்திருந்த நைதரசன் வெளியேற நேரமில்லாமல் இழையங்களிலும் இரத்தத்திலும் குமிழியாக மாறுவதால் வருவது. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தவுடன் நடப்பதுதான். குறைந்த அமுக்கத்தில் குமிழி தோன்றும் என்பது புதிய செய்தியல்ல. 1670ஆம் ஆண்டளவில் றொபேட் பொயில், காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் வைத்த விரியன் பாம்பின் கண்ணுக்குள் ஒரு குமிழி அசைவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

உயரம் ஏறும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். சுழியோடிய ஒருவரின் மூட்டுப் பகுதியில் நைதரசனின் அமுக்கம் 1.2 வளிமண்டலமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில், சுற்றிலும் 1 வளிமண்டலம் இருக்கையில், மிகை 0.2 மட்டுமே, பெரும்பாலும் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே மனிதர் 0.75 வளிமண்டலமுள்ள விமான அறைக்குள் போனால் மிகை 0.45 ஆகிறது. உடலில் ஒரு துளி நைதரசனும் கூடாமலேயே மிகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதோடு, ஏற்கனவே இருக்கும் சிறு குமிழிகளும் பொயிலின் விதிப்படி விரிகின்றன. அந்த முறுக்குப் பைக்கற் காட்டியது இதையே. தாழ்நிலத்துக்கு இறங்கியபோது சந்திரனின் வலி தணிந்ததும் இதனாலேயே, மாத்திரையால் அல்ல.

டான் வழிகாட்டல் 610 மீற்றருக்கும் 2,440 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரங்களுக்காக எழுதப்பட்டது. அது விமானம் என்று பெயர் சொன்னாலும், உடலுக்கு உயரம் மட்டுமே தெரியும். ஆகவே எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை, நுவரெலியா எல்லாமே அந்த எல்லைக்குள் அடங்கும். குறிப்பாக, கொழும்பில் சுழியோடும் பருவமும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் டிசம்பர் தொடக்கம் ஒன்றோடொன்று பொருந்தி வருவதைக் கவனியுங்கள். மலையுச்சி 2,243 மீற்றர். காலையில் கல்கிசையில் சுழியோடிவிட்டு இரவோடிரவாக மலையேறுகிறவர், விமான அறைக்கு நிகரான உயரத்துக்குப் போகிறார், அதுவும் ஆயிரக்கணக்கான படிகளில் உடலை வருத்திக்கொண்டு. திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகக் கொழும்புக்கு வருகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. அந்த வீதி முழுவதும் தாழ்நிலமே.

அறிகுறிகளைப் பற்றி: தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் ஆழமான வலி, காரணமற்ற களைப்பு, தோலில் நீலமும் சிவப்புமாகத் திட்டுகள், மரத்துப்போதல், தலைச்சுற்று, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிக்க முடியாமை. பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கும், உயரம் ஏறினால் பிந்தியும் தோன்றலாம். இவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்ப்பதில் நேரத்தைக் கழிக்காமல், படுக்க வைத்து, கிடைக்குமானால் தூய ஒட்சிசனைத் தொடர்ந்து கொடுத்து, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். "கடைசி 48 மணி நேரத்துக்குள் சுழியோடினேன்" என்ற வசனத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள வைத்தியசாலையில் இருப்பவருக்கு அந்த நினைவு வராது, அவரைக் குறை சொல்ல முடியாது. வலியைத் தணிக்க மறுபடியும் கடலுக்குள் இறங்குவது மிக ஆபத்தானது. வடக்கில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் தொழிலாளர் சிலர் அதைச் செய்வதாகக் கேள்விப்படும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. உரிய சிகிச்சை அமுக்க அறையிலேயே. வழக்கமான அட்டவணையின்படி 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான 2.8 வளிமண்டலத்தில் ஒட்சிசனைச் சுவாசிக்க வைத்து, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துப் படிப்படியாக வெளியே கொண்டுவருவார்கள். நோயாளியை வானூர்தியில் கொண்டுபோக நேர்ந்தால் 300 மீற்றருக்கு மேல் ஏறாமல் பறக்க வேண்டும் என்பதும் இதனாலேயே.

18 மணி நேரம் என்பது ஆபத்து முற்றாக நீங்கும் நேரமல்ல, ஆபத்து மிகவும் குறையும் நேரம். மாலைதீவில் ஒரு வாரம் சுழியோடிவிட்டு இத்தாலிக்குத் திரும்பியவர்களின் இதயத்தை விமானத்துக்குள்ளேயே மீயொலிக் கருவியால் பார்த்த ஓர் ஆய்வில், 24 மணி நேரம் விட்டு ஏறியவர்களிலும் சிலரிடம் குமிழிகள் தெரிந்தன. பெரும்பாலானோரிடம் இல்லை. மேலும், பிறப்பில் மூட வேண்டிய இதயச் சுவர்த் துவாரம் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுமையாக மூடியிருப்பதில்லை. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் குமிழிகள் நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேரே மூளைப் பக்கம் போகக்கூடும். ஆகவே "நண்பன் 12 மணி நேரத்தில் ஏறினான், ஒன்றும் ஆகவில்லை" என்பது அந்த நண்பனைப் பற்றிய செய்தி மட்டுமே.

வெள்ளவத்தைவாசிக்கு இன்னொன்று. காதில் அடைப்போ வலியோ மிச்சமிருந்தால், நைதரசன் கணக்கு முடிந்திருந்தாலும் விமானம் ஏறுவதற்கு முன் காட்டிவிடுங்கள். காதையும் தொண்டையையும் இணைக்கும் ஊத்தேக்கியாவின் குழாய் வீங்கியிருந்தால் சென்னையில் இறங்கும் கடைசி இருபது நிமிடமும் வேதனையாக இருக்கும். தடிமன் மாத்திரை போட்டுக்கொண்டு சுழியோடுகிறவர்கள், மருந்தின் வேகம் ஆழத்தில் இருக்கும்போதே தணிந்துவிட்டால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்காரி:

இடையில் ஒரு சிறு கேள்வி, மன்னிக்கவும். என் தம்பி கனடாவிலிருந்து வருகிறான். காலையில் இறங்கி அன்று மாலையே கடலுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். மறுபக்கமாக, பறந்த பின் சுழியோடுவதற்கும் காத்திருக்க வேண்டுமா?

கிழக்குக்கரையான்:

நைதரசனைப் பொறுத்தவரை காத்திருக்கத் தேவையில்லை, அக்கா. விமானத்தில் இருந்தவரின் உடலில் நைதரசன் சற்றுக் குறைந்தே இருக்கும். ஆனால் ஒரு நாள் முழுவதும் உலர்ந்த காற்றைச் சுவாசித்து, தூங்காமல், தண்ணீர் குடிக்காமல் வந்த ஒருவரை நான் அன்று படகில் ஏற்ற மாட்டேன். நன்றாகத் தூங்கி, தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் வரச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைவாசியின் பொதிக் கேள்வி எஞ்சியிருக்கிறது. ரெகுலேற்றரையும் கைக்கணினியையும் கைப்பையில் கொண்டுபோங்கள். தொலைந்தாலும் அடிபட்டாலும் உயிரோடு விளையாடும் பொருட்கள் அவை. கத்தி பெரிய பொதிக்குள். மேலதிக லித்தியம் பற்றரிகள் எல்லாமே கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பொதிக்குள் வைக்க அனுமதியில்லை. முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். 100 வாற்றுமணிக்கு மேற்பட்ட பற்றரியென்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். டோர்ச்சிலிருந்து பற்றரியைக் கழற்றிவிடுங்கள். நீருக்குள் பயன்படுத்தும் டோர்ச் தற்செயலாக எரிந்தால் பைக்குள் சூடேறித் துணி கருகிவிடும். கமராக் கூடு இருந்தால் அதன் இறப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே வையுங்கள். தரையில் இறுக மூடிய கூட்டுக்குள் அடைபட்ட காற்று, வானத்தில் உள்ளிருந்து வெளியே தள்ளும். அந்த வளையமோ வெளியிலிருந்து உள்ளே வரும் அமுக்கத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. மிதவை அங்கியிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி மடியுங்கள். சிலிண்டரையும் ஈயக் கட்டிகளையும் இங்கேயே விட்டுவிடுங்கள், புதுச்சேரியில் வாடகைக்குக் கிடைக்கும்.

வெள்ளவத்தைவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கலியாணம் முடிந்து திரும்பி வந்து எழுதுகிறேன். சனிக்கிழமை இரண்டையும் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையைக் கைவிட்டேன். படகுக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு மார்ச் மாதத்துக்கு மாற்றித் தந்துவிட்டார். கூட்டாளி மட்டும் இறங்கினார், அவருக்கு எங்கும் பறக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், தான் அடுத்த நாள் பண்டாரவளைக்குப் போகவிருந்ததை நினைத்து என்னை அழைத்து, எத்தனை மீற்றர் என்று கேட்டார். 1,200க்கு மேல் என்றேன். செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போட்டுவிட்டார்.

கட்டுநாயக்கப் பழையவன் சொன்னபடி, விமானத்தில் தண்ணீர் குடித்து முடித்தபின் போத்தலை இறுக மூடி முன்னிருக்கைப் பையில் செருகி வைத்தேன். சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டபோது அதன் இரண்டு பக்கமும் உள்வாங்கி, யாரோ கையால் நசுக்கியதுபோல் இருந்தது. மகள் அதை வாங்கி மூடியைத் திருகினாள். "புஸ்" என்று காற்று உள்ளே போக, போத்தல் "டக்" என்று நிமிர்ந்தது. மறுபடி செய்து காட்டச் சொன்னாள்.

கட்டுநாயக்கப் பழையவன்:

திரும்பும்போது செய்து காட்டியிருப்பீர்களே?

வெள்ளவத்தைவாசி:

புதுச்சேரியில் கடைசியாக மேலே வந்து 26 மணி நேரம் கழித்து, ஆம்.